ஐந்து பேரும் வீட்டில்தான்

உங்கள் மகனுக்கும் வந்துவிட்டதா? வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று? ஒட்டுக் கேட்கவில்லை அம்மா, ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதை எங்கே கழற்றி வைப்பது? 'அஞ்சு வருசமா வீட்லேர்ந்து பாத்த வேலைதானடா, இப்ப மட்டும் என்ன புதுசா' என்று கேட்டீர்களே, அதில்தான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதில் யாரிடமும் கிடையாது. பதில் சொல்கிற இடத்தில் இருந்தவள் நான். என்னிடமும் இல்லை.

நானும் அதே ஐடி துறைதான். பத்தொன்பது வருடம். சோழிங்கநல்லூர். பதினோரு பேருக்கு லீட். லீட் என்றால், அவர்கள் செய்யாத வேலைக்கு நான் திட்டு வாங்குவேன், செய்த வேலைக்கு எனக்கு மேலே இருப்பவர் பாராட்டு வாங்குவார். இப்போது நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறேன். இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கையாக இல்லை? ஊரில் இருக்கிற எல்லோரையும் ஆபீசுக்கு வா வா என்கிறவர்கள், ஆபீசுக்கு வர ஆசைப்பட்ட ஒருத்தியை மட்டும் வீட்டில் இரு என்கிறார்கள்.

ஆமாம், எனக்கு ஆபீஸ் பிடிக்கும். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு அறையில் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அமெரிக்காக்காரனிடம் அமெரிக்காக்காரனைப் போலவே பேசிக்கொண்டிருப்பார். ஹாலில் மாமியாரின் டிவி. நான் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் இருப்பேன். குக்கர் விசில் அடித்தால் 'சாருமதி, ஆர் யூ இன் எ ரயில்வே ஸ்டேஷன்?' என்று ஒருத்தன் கேட்பான், எல்லோரும் சிரிப்பார்கள். ஆபீசில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் வேறு யாரும் துணி மடித்து வைக்க மாட்டார்கள். அது போதும் எனக்கு.

ஆனால் எனக்குப் பிடிக்கிறது என்பதற்காக மற்றவர்களை இழுக்கலாமா? கூடாது. அதில் நான் தெளிவாக இருந்தேன். என் டீமில் ஐந்து பேர் கொரோனாவில் ஊருக்குப் போனவர்கள் போனவர்கள்தான். ஒருத்திக்குக் கரூரில் கைக்குழந்தை. ஒருத்தன் நாகர்கோவிலில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் கோவில்பட்டியில். அவனுடைய அம்மாவுக்குச் செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். மனைவி செண்பகம் அங்கேயே ஒரு பள்ளியில் டீச்சர். அவனை எப்படிச் சென்னைக்கு வா என்பது? வேலையில் எந்தக் குறையும் இல்லை. டெஸ்டிங்கில் அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு தப்பு வெளியே போகாது. கோவில்பட்டியில் உட்கார்ந்து பார்த்தாலும் தப்பு தப்புதானே.

ஆர்டர் வந்தபோது டைரக்டரிடம் போய்ப் பேசினேன். பேசவில்லை என்று சொல்ல முடியாது. பத்து நிமிடம் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, 'சாருமதி, வராதவங்க இருக்கிற டீமை இன்னொரு டீமோட சேத்துடறதா இருக்கோம். அப்புறம் உங்க இஷ்டம்' என்றார். சேர்த்தால் லீட் ஒருத்தர்தான். அது நானாக இருக்காது, அவ்வளவுதான். நான் எனக்காகப் பார்க்கவில்லை. அந்த ஐந்து பேருக்காகத்தான் பார்த்தேன்.

என்ன செய்தேன் என்றால், எங்கள் ஆபீசில் வருகைப் பதிவேடு எல்லாம் கிடையாது. ஐடி கார்டை கேட்டில் தேய்த்தால் பீப் என்று ஒரு சத்தம். நீங்கள் வந்தாயிற்று. அந்த பீப்தான் நீங்கள். ஐந்து பேரையும் கார்டைக் கூரியரில் அனுப்பச் சொன்னேன். என் பெண் ஆறாவது படிக்கும்போது வைத்திருந்த பென்சில் பௌச் ஒன்று கிடந்தது, முயல் படம் போட்டது. அதில் போட்டு வைத்துக்கொண்டேன். திங்கள், புதன், வியாழன். காலை எட்டரைக்கு கேட்டில் ஆறு தடவை பீப். சாயங்காலம் ஆறு தடவை பீப். செக்யூரிட்டி சகாயமேரி அந்த நேரத்துக்குச் சரியாக ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நல்ல பெண்பிள்ளை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் கேலி செய்வார். 'என்ன, கண்டக்டரம்மா கிளம்பியாச்சா? அஞ்சு பேரும் ஏறிட்டாங்களா, விசில் குடுக்கலாமா?' என்பார். நானும் சிரிப்பேன். சில நாள் வண்டியில் போகும்போது அந்த பௌச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஐந்து குடும்பம் என் கைப்பையில் இருக்கிறது என்று தோன்றும். தப்பா அது? ஒண்ணேகால் வருடம் அம்மா. ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சலோடு போய் பீப் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதில் ஒன்று நடந்தது, அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வருட முடிவில் கணக்கெடுத்தார்கள். மொத்த ஆபீசிலும் நூற்றுக்கு நூறு வந்த டீம் எங்களுடையது ஒன்றுதான். மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். 'உங்க டீம் மட்டும் எப்படி விரும்பி வர்றாங்க?' என்று டைரக்டர் மைக்கை நீட்டினார். நான் என்ன சொல்ல? 'குடும்பம் மாதிரி பாத்துக்கறோம் சார்' என்றேன். பொய் இல்லையே. குடும்பம் மாதிரித்தானே பார்த்துக்கொண்டேன்.

அதிலிருந்து பிடித்தது வினை. மற்ற லீடுகளுக்கெல்லாம் நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம், எப்படி ஆட்களைத் திரும்ப வரவழைப்பது என்று. ஸ்லைடு எல்லாம் போட்டு. எட்டு ஸ்லைடு. எனக்கு அது கொஞ்சம் நன்றாகவே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஹெச்ஆரில் ஒரு புதுப் பெண், நிவேதிதா என்று பெயர், கார்டு ஒரு பக்கம் லேப்டாப் ஒரு பக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். கார்டு சோழிங்கநல்லூரில் பீப் அடிக்கிறது, லேப்டாப் கோவில்பட்டி இன்டர்நெட்டில் இருக்கிறது, இது எப்படி என்று. எனக்குத் தெரிந்தவர் மூலம் சேதி வந்தது. ஐந்து பேருக்கும் போன் போட்டேன். ஆவுடைக்கு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். 'ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போயிடுப்பா. நாலு பேர் பாத்தாப் போதும்' என்றேன். 'அம்மாவுக்கு நாள் சரியில்லக்கா. செவ்வாக்கெழமை ஆஸ்பத்திரி போகணும்லா' என்றான். 'அப்ப புதன்கிழமை வா. எத்தனை நாளைக்குத்தான் உங்களையெல்லாம் நான் சுமக்கறது' என்றேன். கோபத்தில் சொன்னதில்லை. பேச்சுவாக்கில் வந்தது.  அவன், 'சரிக்கா. வாரேன்' என்றான்.

எந்தப் புதன்கிழமை என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதை விசாரணையிலும் சொன்னேன்.

விசாரணையா? அதற்கு வருகிறேன். தண்ணீர் வேண்டுமா உங்களுக்கு? நான் ஒரு வாய் குடித்துக்கொள்கிறேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. என் வகுப்பு மதியம் மூன்று மணிக்கு, ஆறாவது மாடியில். காலையிலிருந்து அதே பரபரப்பு. எட்டரைக்கு ஆறு பீப். பத்து மணிக்கே மேலே போய்விட்டேன். டீமில் மற்ற ஆறு பேருக்கும் அன்றைக்கு நாள் முழுக்க வேறு மாடியில் ட்ரெயினிங். சாப்பிடும்போது ஒரு தடவை கீழே நான்காவது மாடிக்கு வந்து என் மேசையில் சார்ஜர் எடுத்தேன். ஆவுடை சீட்டில் ஒரு கறுப்புப் பை இருந்தது. கம்பெனி பத்தாவது ஆண்டுக்கு எல்லோருக்கும் ஒரே கறுப்புப் பைதான் கொடுத்தார்கள். ஆயிரம் பேரிடம் ஆயிரம் கறுப்புப் பை. காலி சீட்டில் யாராவது பை வைப்பார்கள்தானே? நானாக இருந்தால் வைப்பேன்.

மூன்றாவது ஸ்லைடில் இருந்தபோது மணி அடித்தது. ஃபயர் அலாரம். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த மாதத்தில் மட்டும் நாலு தடவை சும்மா அடித்திருந்தது. 'கன்டினியூ சாருமதி' என்றார்கள். தொடர்ந்தேன். அப்புறம்தான் வாசனை வந்தது. நாலாவது மாடியில் யுபிஎஸ் பேட்டரி வைக்கிற அறை. பிளாஸ்டிக் எரிகிற வாசனை, நாக்கில் ஒட்டும். படிக்கட்டில் இறங்கும்போது நாலாவது மாடிக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் திரை போட்ட மாதிரி இருந்தது.

எல்லோரும் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றோம். முந்நூறு பேர் இருப்போம். தீயணைப்பு வண்டி பதினைந்து நிமிடத்தில் வந்தது. அட்மின் ஜெயசீலன் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். காலையில் பீப் அடித்தவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடக் கூப்பிட, கை தூக்கினார்கள். என் டீம் வந்தது. முதல் பெயர், பதில் இல்லை. இரண்டாவது, பதில் இல்லை. என் கைப்பை கனத்தது அம்மா. நிஜமாகவே கனத்தது. ஐந்து பெயர். பதில் இல்லை.

'அஞ்சு பேர் உள்ள மாட்டியிருக்காங்களா? எந்த மாடி?' என்று ஒரு ஆபீசர் கேட்டார். 'நாலாவது மாடி' என்றார் ஜெயசீலன்.  இரண்டு பையன்கள், தீயணைப்புக்காரர்கள்தான், முகமூடி மாட்டிக்கொண்டு முதுகில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டார்கள். ஒருத்தனுக்குக் கல்யாணமான புதிது போலிருக்கிறது, மோதிரத்தைக் கழற்றி வெளியே நின்ற இன்னொருத்தனிடம் கொடுத்தான். அதைப் பார்த்தேன். என் கைப்பையில் இருக்கிற ஐந்து பிளாஸ்டிக் துண்டுக்காக இவன் உள்ளே போய் ஏதாவது ஆகிவிட்டால்?

சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பேசாமல் இருந்திருப்பார்கள் நிறையப் பேர். நான் இருக்கவில்லை. முன்னால் போனேன். டைரக்டர் இருக்கிறார், நிவேதிதா இருக்கிறாள், கேடயம் வாங்கியபோது எனக்குக் கைதட்டின லீடுகள் எல்லோரும் இருக்கிறார்கள். முந்நூறு பேருக்கு நடுவில் அந்த முயல் பௌச்சைத் திறந்து கார்டுகளைக் காட்டினேன். 'யாரும் உள்ள இல்ல சார். அஞ்சு பேரும் வீட்லதான் இருக்காங்க. கார்டு எங்கிட்ட இருக்கு' என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ஒருத்தன், 'நூத்துக்கு நூறு' என்றான். டைரக்டர் என்னைப் பார்க்கவில்லை, கார்டுகளைப் பார்த்தார். அந்த ஆபீசர் மட்டும், 'ஷ்யூராம்மா? அஞ்சு பேருமா?' என்று கேட்டார்.

'அஞ்சு பேரும்' என்றேன்.

அந்தப் பையன் முகமூடியைக் கழற்றினான். எல்லோரும் வெளியிலிருந்து தண்ணீர் அடிக்கப் போய்விட்டார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அதுதான் அம்மா. மானம், வேலை எல்லாம் போகட்டும் என்று உண்மையைச் சொன்னேன். அதை ஒருத்தரும் சொல்வதில்லை. விசாரணைக் குறிப்பில்கூட அது இல்லை.

என்ன கேட்கிறீர்கள்? ஆமாம். ஆவுடை உள்ளே இருந்தான்.

வந்திருக்கிறான். ராத்திரி பஸ் ஏறி, காலையில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்கு ஆபீசுக்கு வந்திருக்கிறான். கார்டு இல்லை, அதுதான் காலையிலேயே பீப் அடித்துவிட்டதே. சகாயமேரியிடம், 'சாருமதி மேடம்கிட்ட இருக்கு' என்று சொல்லியிருக்கிறான். அவள் பக்கத்து கேட்டைத் திறந்து விட்டிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு ஷிஃப்ட் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது, இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். மூன்று மணிக்கு அவனுக்கு ஒரு மீட்டிங். நாலு பேர் முகத்தைப் பார்க்கத்தான் வா என்கிறார்கள், வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் கத்துகிறார்கள் என்று சத்தம் புகாத சின்னச் சின்னக் கண்ணாடிக் கூண்டு வாங்கிப் போட்டிருந்தார்கள். டெலிபோன் பூத் மாதிரி. அதில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனும் மாட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கிற யாருடனோ பேசிக்கொண்டிருந்திருக்கிறான். கோவில்பட்டியிலிருந்து பேசியிருக்க வேண்டிய பேச்சு. அலாரம் எங்கே கேட்கும்? கதவைத் திறந்தபோது புகைதான் இருந்திருக்கிறது.

நாற்பது நிமிடம் கழித்துச் செண்பகம் எனக்குப் போன் செய்தாள். 'அக்கா, டிவியில ஒங்க ஆபீஸக் காட்டுதான். இவுக போன எடுக்க மாட்டேங்காக. ஒங்க பக்கத்துலயா இருக்காக?' என்றாள். அப்போதுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் விசாரணையில் சொன்னேன். அப்போதுதான் தெரியும்.

அதற்கு அப்புறம்தான் உள்ளே போய் அவனைத் தூக்கி வந்தார்கள். உயிரோடு இருக்கிறான். பன்னிரண்டு நாள் வென்டிலேட்டர். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, குரல் போய்விட்டது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறானாம். வீட்டில் ஆக்சிஜன் மெஷின். செவ்வாய், வெள்ளி அம்மாவைச் செண்பகம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். சகாயமேரியை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள்தானே, கேட்பார் கிடையாது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் நிலைமையே அப்படி இருக்கும்போது யார் கேட்பார்கள்?

அவனைப் பார்க்கத்தான் போகிறேன். கோவில்பட்டிக்கு. இல்லை, இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் ஐசியூ, யாரையும் விடவில்லை. அப்புறம் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். எனக்கும் விசாரணை, வக்கீல் என்று அலைச்சல். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், உங்களிடம் என்ன ஒளிவு. நாளைக்குக் காலையில் நிவேதிதாவும் இன்னொருத்தரும் அவன் வீட்டுக்குப் போகிறார்கள், வாக்குமூலம் வாங்க. கேள்வி ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு வருவதை லீடுக்குத் தெரியப்படுத்தினாயா, இல்லையா? தெரியப்படுத்தினேன் என்று சொன்னால் நான் தெரிந்தே ஆளில்லை என்று சொன்னதாக ஆகும். வேலை போவது பெரிதில்லை, போலீஸ் கேஸ் என்கிறார் வக்கீல். தெரியப்படுத்தவில்லை என்றால் எனக்குக் கார்டு விஷயத்தோடு முடிந்துவிடும். ஆனால் அவன் யாருக்கும் சொல்லாமல், கார்டும் இல்லாமல், தானாக உள்ளே நுழைந்தவன் ஆகிவிடுவான். வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்காது. இரண்டில் ஒன்றுதான். நானா செய்தேன் இந்த ஏற்பாட்டை? கம்பெனி விதியை அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் முந்தின நாள் போய்ப் பார்த்தால்... அவனைப் பொய் சொல்லச் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல் என்பேன். அவன் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது.

தெளிவாக என்று ஏன் சொன்னேன் என்கிறீர்களா? நல்ல காது உங்களுக்கு.

ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். காலை ஆறே முக்காலுக்கு. அந்த நேரத்தில் யார் மெசேஜ் பார்ப்பார்கள்? தோசைக்கல் ஒரு அடுப்பில், பெண்ணுக்கு டப்பா ஒரு பக்கம். போன் மேடையில் கிடந்தது. வெளிச்சம் வந்தது. எடுக்கவில்லை. மேலே ஓடுகிற முதல் வரி மட்டும் கண்ணில் பட்டது. 'அக்கா பெருங்களத்தூர் வந்துட்டேன் நேரா'. அவ்வளவுதான் தெரியும். நேரா எங்கே? அவனுக்குப் பெருங்களத்தூரில், சென்னைக்குள் நுழைகிற இடம்தான், மச்சினன் வீடு இருக்கிறது. ஏதோ சொந்த வேலையாக வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. தோசையைத் திருப்பினேன். சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அதை அழித்தேன். எல்லா மெசேஜையும் அழிப்பது எனக்கு வழக்கம், போனில் இடம் இருப்பதில்லை.

அவன் போனில் இருக்கும். சட்டைப் பையில் இருந்ததால் போனுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

நான் ஒன்று சொல்கிறேன், இதை வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஆபீசர் 'அஞ்சு பேருமா?' என்று கேட்டார் பாருங்கள். அப்போது எனக்குள் பெருங்களத்தூர் என்று ஒன்று வந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து கடைப் பலகை தெரிகிற மாதிரி. எழுத்து தெரிந்தது, படிப்பதற்குள் போய்விட்டது. போனதா, நான் விட்டுவிட்டேனா? நாலு பேர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நிமிடம் முன்னால் ஐந்து என்று சொல்லியாகிவிட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் 'இருங்க, ஒருத்தன் வந்திருந்தாலும் வந்திருப்பான்' என்றால் என்ன ஆகும்? இவளுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதே தெரியாது என்பார்கள். குடும்பம் மாதிரி பார்த்துக்கொண்டேன் என்றவள். அதனால் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். சொன்ன பிறகு அதுதான் உண்மை என்று ஆகிவிட்டது. நாற்பது நிமிடம் அந்த வெயிலில் நின்று, ஐந்து பேரும் வீட்டில், ஐந்து பேரும் வீட்டில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பையைத் திறந்து அவன் நம்பரைக் கூப்பிட்டிருக்கலாம். மற்ற நாலு பேரையும் கூப்பிட்டேன், இங்கே இப்படி ஆகிவிட்டது, மாட்டிக்கொண்டோம் என்று சொல்ல. அவனை மட்டும் கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. பெயர் வரிசையில் அவன் கடைசியில் வந்திருப்பான்.

ஆவுடை, 'ஆ'வில்தான் ஆரம்பிக்கும். ஆமாம். நீங்கள் சொல்வது சரிதான்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் தலையை எண்ணுகிறேன். திருச்சியில் இந்தப் பெட்டியில் ஏழு பேர் இறங்கி ஒன்பது பேர் ஏறினார்கள். தூக்கம் வருவதில்லை. வந்தாலும், பீப். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

நாள் முழுக்க யோசித்து வைத்திருக்கிறேன், அவனைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று. அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பேன். அவன் நோட்டில் எழுதுவான். படிப்பேன். அதற்கு அப்புறம்தான் எப்படி என்று...

இருங்கள், போன். செண்பகம்தான்.

சொல்லும்மா. ரயில்லதான் இருக்கேன், திண்டுக்கல் தாண்டியாச்சு... என்னது? இன்னிக்கேவா? நாளைக்குன்னுதானே சொன்னாங்க... ம்... ம்... அவனே எழுதினானா? அவன் கையாலயா?... ம்... இல்லம்மா, நான் அதுக்காக வரல, சும்மா பாக்கத்தான்... சரி... சரிம்மா... அவன்கிட்ட ஒரு வார்த்தை...

வைத்துவிட்டாள்.

நாளைக்கு வருவதாக இருந்தவர்கள் இன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டார்களாம். ஆவுடை எழுதிக் கொடுத்துவிட்டான். 'நான் அன்று வருவதை யாருக்கும் தெரிவிக்கவில்லை. சாருமதி மேடத்துக்குத் தெரியாது.' கீழே கையெழுத்து. நிவேதிதா மூன்று தடவை கேட்டாளாம், இதனால் என்ன ஆகும் தெரியுமா சார் என்று விளக்கினாளாம். அவன் அதே வரியைத் திரும்பக் காட்டினானாம். அவர்கள் போனதும் செண்பகத்திடம் மட்டும் அந்த மெசேஜைக் காட்டினானாம். காட்டிவிட்டு அழித்துவிட்டானாம். 'எங்க அத்தையப் பாத்துக்கிட ஒண்ணேகா வருசம் விட்டீகள்லாக்கா. அதுக்கு இது சரியாப் போச்சுன்னு நோட்டுல எழுதிக் காமிச்சாக' என்றாள்.

பார்த்தீர்களா? நன்றி மறக்காதவன். நான் சொன்னேனே, குடும்பம் மாதிரி.

இத்தனை நாள் என்னைப் போட்டு எவ்வளவு வதைத்துக்கொண்டேன். தெரிந்ததா, தெரியாதா, பார்த்தேனா, பார்க்கவில்லையா என்று. அவனே எழுதிவிட்டானே, எனக்குத் தெரியாது என்று. அனுப்பினவனுக்குத் தெரியாததா? அவன் வாயால், சரி, அவன் கையால் சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன இருக்கிறது? பெருங்களத்தூர் என்று வெறுமனே ஏதாவது போட்டிருப்பான். நான்தான் மீதியைச் சேர்த்துக்கொண்டு பயந்திருக்கிறேன்.

கடைசியாக, 'நீங்க வர வேண்டாம்க்கா' என்றாள். எவ்வளவு நல்ல பெண் பாருங்கள், இந்த நிலைமையிலும் எனக்கு எதற்கு அலைச்சல் என்று நினைக்கிறாள். சரிதான். நான் போய் நின்றால் அவனுக்கும் சிரமம், எழுந்து உட்கார வேண்டும், எழுத வேண்டும், மூச்சு வாங்கும். உடம்பு தேறட்டும், ஒரு நாள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மதுரைதானே? அங்கேயே இறங்கிக்கொள்கிறேன். சாயங்காலம் சென்னைக்கு ஏதாவது வண்டி இருக்கும், இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது. பசிக்கிறது அம்மா. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, இப்போதுதான் பசி தெரிகிறது. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே நல்ல ஹோட்டல் இருக்கிறது என்பார்களே.

ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறீர்கள்? இவ்வளவு நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தீர்களே. நல்ல சேதிதானே வந்திருக்கிறது.

சரி. கொஞ்சம் காலை மட்டும் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள், நான் இறங்க வேண்டும்.